பல்ஸை யார் தட்டுவது? வீட்டில் கட்டிய சிஎன்சிக்கு ஒரு கணினி

சொந்தமாக சிஎன்சி ரவுட்டர், அதாவது கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டிச் செதுக்கும் இயந்திரம், கட்டுபவர்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் சட்டம், அப்புறம் நகரும் பகுதி வழுக்கி ஓட லீனியர் ரெயில், அதைத் தள்ள பால் ஸ்க்ரூ, ஸ்க்ரூவைச் சுற்ற மோட்டார், வெட்டும் கருவியைச் சுழற்ற ஸ்பிண்டில். எல்லாவற்றையும் பூட்டி, ஸ்க்ரூவைக் கையால் சுற்றிப் பார்த்து மகிழ்ந்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: "இதை ஓட்ட எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்? ஐ5 போதுமா, ஐ7 வேணுமா? ராம் எவ்வளவு?"

என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் இயந்திரத்தில் பல்ஸை, அதாவது மோட்டாரை நகர்த்தும் மின் துடிப்பை, யார் தட்டப் போகிறார்கள்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கணினி பற்றிய கேள்வி முக்கால்வாசி தீர்ந்துவிடும். இதைக் கேட்டுக்கொள்ளாமல் நானே ஒருமுறை பணத்தைக் கொட்டி நல்ல வேகமான கணினி ஒன்றை வாங்கினேன். தேக்குப் பலகையில் ஐந்து மணி நேரம் ஒழுங்காக ஓடிய வேலை, ஆறாவது மணியில் 3 மிமீ இடப்பக்கம் தள்ளிப்போய் வெட்டத் தொடங்கியது. பலகை போனதைவிட, ஏன் போனது என்று புரியாமல் கழிந்த வாரங்கள்தான் அதிகம் வலித்தன. அந்தக் காரணத்தைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

வீட்டு சிஎன்சிகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். அதற்கு மின்சாரம் கொடுத்து ஓட்டும் ட்ரைவர் பெட்டிக்கு ஒரு பல்ஸ் வந்தால் மோட்டார் ஒரு அடி எடுத்து வைக்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சாதாரணமாகக் கிடைக்கும் மோட்டாரில் ஒரு சுற்றுக்கு 200 அடிகள், அதாவது ஒரு அடிக்கு 1.8 டிகிரி. ட்ரைவரில் மைக்ரோஸ்டெப்பிங்கை, அதாவது ஒரு அடியை எத்தனை துண்டாக உடைப்பது என்பதை, 8 என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 1,600 பல்ஸ் தேவை. அந்த மோட்டார், ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகர்த்தும் பால் ஸ்க்ரூவைச் சுற்றுகிறது என்றால் 1 மிமீ நகர 320 பல்ஸ். நிமிடத்துக்கு 3,000 மிமீ வேகத்தில், அதாவது விநாடிக்கு 50 மிமீ, ஓட்ட வேண்டுமானால் விநாடிக்கு 16,000 பல்ஸ். ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் நடுவே 62.5 மைக்ரோவிநாடி.

விநாடிக்குப் பல நூறு கோடித் துடிப்புகள் ஓடும் இன்றைய ப்ராசஸருக்கு இந்தப் பதினாறாயிரம் ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பதினாறாயிரமும் சம இடைவெளியில் விழ வேண்டும்.

நாதஸ்வரக் கச்சேரியில் தவில்காரரின் விரல்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். பக்கத்தில் ஒருவர் கைத்தாளம் போட்டுக்கொண்டிருப்பார். தவிலில் விழும் சொற்களோடு எண்ணிப் பார்த்தால் அவர் தட்டுவது மிகக் கொஞ்சம். ஆனால் அவர் ஒரே ஒரு தட்டைத் தாமதித்தால் மேடை முழுக்கத் தடுமாறும். நம் மேசையில் இருக்கும் கணினி நல்ல தவில்காரர். தாளம் போடப் பழகாதவர். படம் காட்ட வேண்டும், ஹார்ட் டிஸ்க்கைப் படிக்க வேண்டும், நெட்வொர்க்கில் வந்ததை வாங்கி வைக்க வேண்டும், வைரஸ் ஸ்கேன் செய்ய வேண்டும். இத்தனைக்கும் நடுவே "இப்போது தட்டு" என்ற அழைப்பு வந்தால், கையில் இருப்பதை முடித்துவிட்டுத்தான் வருவார். சராசரியாகப் பார்த்தால் வேகம் குறைந்திருக்காது. எப்போதாவது ஒரு தட்டு மட்டும் பிந்தியிருக்கும். இந்தப் பிந்தலைத்தான் லேட்டன்சி என்றும், அது ஏறியிறங்குவதை ஜிட்டர் என்றும் சொல்கிறார்கள்.

பிந்தினால் என்ன ஆகும்? 62 மைக்ரோவிநாடியில் வர வேண்டிய பல்ஸ் 262இல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் மோட்டாருக்குக் கிடைத்த கட்டளை "கால் பங்கு வேகத்துக்கு இறங்கு" என்பது. அடுத்த பல்ஸ் சரியான நேரத்துக்கு வந்தால் "உடனே பழைய வேகத்துக்கு ஏறு" என்று பொருள். சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டர், ஸ்க்ரூ, அதன் மேல் நகரும் முழுப் பாரம் எல்லாம் அப்படி நின்று ஓட முடியாது. மோட்டாரின் முறுக்குவிசையில் மிச்சம் இருந்தால் சமாளித்துவிடும், ஒரு சின்ன உறுமலோடு போய்விடும். வெட்டும் சுமையும் சேர்ந்து இழுக்கும் நேரமாக இருந்தால் அடி தவறிவிடும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் மோட்டார் எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்ல என்கோடர் கிடையாது. எனவே கணினிக்கு எதுவும் தெரியாது. தவறிய அந்த இடத்திலிருந்து மீதி வேலை முழுக்கத் தள்ளியே வெட்டும். என் தேக்குப் பலகைக்கு நடந்தது இதுதான்.

ஆகவே தாளத்தை யாரிடம் கொடுப்பது என்பதில் மூன்று வழிகள் உண்டு.

கணினியே தட்டுவது

இது பழைய வழி, பலர் இதில்தான் வளர்ந்தோம். பிரிண்டருக்கென்று இருந்த 25 ஊசி பேரலல் போர்ட்டில் 12 வெளியீடுகளும் 5 உள்ளீடுகளும் உண்டு. ஒரு அச்சுக்கு (நீளம், அகலம், உயரம் என்று இயந்திரம் நகரும் ஒரு வழிக்கு) அடி எடுத்து வைக்கச் சொல்ல ஒரு கம்பி, எந்தத் திசை என்று சொல்ல ஒரு கம்பி. மூன்று அச்சுக்கு ஆறு கம்பிகள். போர்ட்டின் ஊசிகளைத் தனித்தனிக் கம்பிகளாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பிரேக்கவுட் போர்டும் ட்ரைவர்களும் இருந்தால் போதும், கணினி நேராக மோட்டாரை ஓட்டிவிடும்.

விண்டோஸில் இதற்கு மாக்3 என்ற மென்பொருள் பெயர் பெற்றது. இன்று ஒரு புதியவர் இந்த வழியில் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதன் பேரலல் போர்ட் ட்ரைவர் நிரல் 64-பிட் விண்டோஸில் ஓடாது. பழைய 32-பிட் விண்டோஸ் போட்ட பழைய கணினியைத் தேடிப்பிடித்து, அதைப் பழுதாகாமல் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

லினக்ஸ்சிஎன்சி வேறு கதை. 1990களில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் தொடங்கிய மென்பொருள் அது. இன்று தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள், இலவசம். தாளத்தைக் காப்பாற்றுவதற்கென்றே அமைத்த ரியல்டைம் லினக்ஸ் கெர்னலின், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியின், மேல் ஓடுகிறது. பல்ஸ் தட்டும் வேலை வந்தால், திரையில் படம் வரைவது உட்பட மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும். இருந்தாலும் மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும். சில மதர்போர்டுகள் வெப்பத்தையோ மின்சாரத்தையோ கவனிக்க, ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கே தெரியாமல் ப்ராசஸரைக் கொஞ்ச நேரம் தன் பக்கம் எடுத்துக்கொள்ளும். அதைக் கெர்னலால் தடுக்க முடியாது. அதனால்தான் அருமையான புதுக் கணினி இதில் தோற்பதும், யாரோ அலுவலகத்திலிருந்து கழித்துக் கட்டிய பெட்டி ஜெயிப்பதும் நடக்கிறது.

விவரத்தாளைப் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நல்ல வேளையாக அளப்பது சுலபம். லினக்ஸ்சிஎன்சியை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். உள்ளே லேட்டன்சி சோதனை நிரல் இருக்கிறது. அதை ஓடவிட்டு, கூடவே பெரிய கோப்புகளைக் காப்பி செய்யுங்கள், ஜன்னல்களை இழுத்து ஆட்டுங்கள், வீடியோ பாருங்கள். கணினியை எவ்வளவு தொல்லை செய்ய முடியுமோ அவ்வளவு செய்யுங்கள். பார்க்க வேண்டியது சராசரியை அல்ல, அதிகபட்ச ஜிட்டரை. அது 15 முதல் 20 மைக்ரோவிநாடிக்குள் இருந்தால் அந்தக் கணினியை விடாதீர்கள். 30 முதல் 50 வரை என்றால் ஓட்டலாம், உச்ச வேகம் கொஞ்சம் ஏமாற்றம் தரும். 100ஐத் தாண்டினால் பல்ஸ் தட்டும் வேலைக்கு அது லாயக்கில்லை. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய கணினி வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகு சில மணி நேரம் ஓடவிட வேண்டும், ஏனென்றால் மோசமான பிந்தல் மணிக்கு ஒருமுறைகூட வரலாம்.

எண் மோசமாக வந்தால் உடனே கைவிட வேண்டாம். கணினி துவங்கும்போது நுழையக்கூடிய பயாஸ் அமைப்புக்குள் போய், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங், ப்ராசஸர் தன் வேகத்தை ஏற்றி இறக்கும் வசதி, சும்மா இருக்கும்போது தூங்கும் வசதி மூன்றையும் அணைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பல கோர் இருந்தால் ஒரு கோரை ரியல்டைம் வேலைக்கென்றே ஒதுக்கி வைக்க லினக்ஸில் ஐசோல்சிபியூஎஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. இவற்றால் எண் பாதியாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழிக்கு லேப்டாப் வேண்டவே வேண்டாம். பேட்டரியைச் சேமிப்பதற்காக அது எப்போதும் ப்ராசஸரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். அதைப் பல லேப்டாப்களில் அணைக்கவும் முடியாது. பேரலல் போர்ட் இல்லையே என்று யுஎஸ்பி பிரிண்டர் கேபிள் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அது உதவாது. யுஎஸ்பி தகவலைச் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டி அனுப்புகிறது. இப்படிப்பட்ட கேபிள்களில் ஒரு மூட்டைக்கான கால அளவே 1 மில்லிவிநாடி. நம் கணக்குப்படி அதற்குள் 16 பல்ஸ் போயிருக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் செருகும் பிசிஐ பேரலல் அட்டை என்றால் பரவாயில்லை.

தனி போர்டு தட்டுவது

முதல் இயந்திரம் கட்டும் ஒருவருக்கு நான் சொல்வது இதைத்தான். தாளம் போடுவதற்கென்று ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலரை வைத்துவிட்டு, கணினியை ஜி-கோடு வரிகளை, அதாவது எங்கே எந்த வேகத்தில் போவது என்ற கட்டளைகளை, வாசித்துக் கொடுக்கும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது.

2009இல் வெளிவந்த ஜிஆர்பிஎல் என்ற திறந்த மென்பொருள்தான் இந்த வழியைப் பரவலாக்கியது. அது ஓடுவது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டில். 8-பிட் சிப், 16 மெகாஹெர்ட்ஸ், 2 கிலோபைட் ராம். நம் கைப்பேசியோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராத அளவு. ஆனால் அதற்கு வேறு வேலை கிடையாது; திரை கிடையாது, வைரஸ் ஸ்கேன் கிடையாது. விநாடிக்கு 30,000 பல்ஸ் வரை சீராகத் தட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஜிஆர்பிஎல் வரும் வரிகளை முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் கடைசி வரியின் முடிவில் நிதானமாக நின்றுவிட முடிகிற மாதிரியே எப்போதும் வேகத்தைத் திட்டமிடும். கணினி ஒரு விநாடி திணறினால் கையிருப்பை வைத்து ஓட்டும். கையிருப்பும் தீர்ந்தால் வேகத்தைக் குறைத்து நிற்கும், அடி தவறாது. வரிகள் மறுபடி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். மரத்தில் நின்ற இடத்தில் லேசான தேய்ப்புத் தடம் விழலாம், வேலை பாழாகாது.

ஆகையால் இந்த வழியில் கணினி எதுவாகவும் இருக்கலாம். பழைய லேப்டாப், மினி பிசி, ராஸ்பெர்ரி பை. யுனிவர்சல் ஜிகோட் செண்டர், கேண்டில் போன்ற அனுப்பும் மென்பொருள்கள் இலவசம். ராஸ்பெர்ரி பையில் சிஎன்சிஜேஎஸ் போட்டுவிட்டால் கைப்பேசி பிரௌசரிலிருந்தே இயந்திரத்தைக் கவனிக்கலாம். ஆனால் இயந்திரத்தை விட்டு எழுந்து போகாதீர்கள். கணினியில் செய்ய வேண்டியது தூங்கும் வசதியை அணைப்பதும், வேலை நடுவே தானே ரீஸ்டார்ட் ஆகாமல் அப்டேட்டை நிறுத்தி வைப்பதும்தான்.

எல்லை எங்கே வருகிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சிலர் "நுணுக்கம் கூடும்" என்று மைக்ரோஸ்டெப்பிங்கை 32க்கு ஏற்றிவிடுவார்கள். மேலே போட்ட கணக்கையே மறுபடி போட்டால் 1 மிமீக்கு 1,280 பல்ஸ், அதே 3,000 மிமீ வேகத்துக்கு விநாடிக்கு 64,000. ஊனோவால் முடியாது. 8இல் வைப்பதே வீட்டு ரவுட்டருக்கு ஏற்றது; 16க்குப் போனால் உச்ச வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது எல்லை, சிற்ப வேலை. சாமி உருவம் மாதிரி மேடு பள்ளமான வடிவங்களில் ஜி-கோடு 0.1 மிமீ நீளத் துண்டுகளாக ஆயிரக்கணக்கில் வரும். கணினிக்கும் ஊனோவுக்கும் நடுவே உள்ள 115,200 பாட் இணைப்பில் விநாடிக்கு 11,520 எழுத்துகள்தான் போகும். வரிக்கு 25 எழுத்து என்றால் விநாடிக்கு 460 வரி, அதாவது 46 மிமீ. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குட்டிச் சிப் ஒவ்வொரு வரிக்கும் கணக்குப் போட்டு முடிக்க வேண்டுமே, அதனால் நடைமுறையில் இன்னும் கீழேதான் நிற்கும். இந்த மாதிரி வேலை அதிகம் என்றால் 32-பிட் போர்டுக்குப் போவது நல்லது. இஎஸ்பி32 சிப்பில் ஓடும் ஃப்ளூயிட்என்சி, பலவகைச் சிப்களில் ஓடும் ஜிஆர்பிஎல்ஹால் இரண்டும் அதே குடும்பம்தான். மெமரி கார்டில் கோப்பைப் போட்டு ஓட்டும் வசதி உள்ள போர்டாக வாங்கினால் வேலை ஓடும்போது கணினியே தேவைப்படாது. வைஃபை இருந்தால் கோப்பை அனுப்ப மட்டும் பயன்படுத்துங்கள். இன்னொன்று, இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட். உங்கள் மோட்டார் ட்ரைவர் 5 வோல்ட்டை எதிர்பார்த்தால் நடுவே அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றிக் கொடுக்கும் ஒரு பஃபர் சிப் வேண்டும். ஸ்க்ரூ சுற்றாமல் நின்றால் முதலில் இதைச் சோதியுங்கள்.

கதவு வேலை செய்யும் ரவுட்டர் பட்டறைகளில் கையடக்கமாக, பட்டன்களோடு ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். டிஎஸ்பி கண்ட்ரோலர் என்பார்கள். பென் டிரைவைச் செருகிக் கோப்பைத் தேர்ந்தெடுத்து ஓட்டுவது. அதுவும் இந்த வகைதான்.

இரண்டும் சேர்ந்தது

லினக்ஸ்சிஎன்சியின் முழு வசதியும் வேண்டும், பல்ஸை மட்டும் வேறு யாராவது தட்டட்டும் என்பவர்களுக்கு மேசா அட்டைகள். ஈதர்நெட் கேபிளில் இணைகிற, எஃப்பிஜிஏ சிப் (வேண்டிய வேலைக்கு ஏற்ப உள்சுற்றையே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப்) உள்ள அட்டைகள். கணினி 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை "இனி இந்த வேகத்தில் போ" என்று சொன்னால் போதும், பல்ஸ்களை அட்டை தட்டிக்கொள்ளும். எனவே 100 மைக்ரோவிநாடி ஜிட்டர் காட்டிய கணினிகூட இங்கே தேர்ச்சி பெற்றுவிடும். கேபிளைக் கணினியிலிருந்து நேராக அட்டைக்குப் போடுங்கள், வீட்டு வைஃபை ரௌட்டர் வழியாக வேண்டாம். செலவு கூடுதல். லேத்தை சிஎன்சியாக மாற்றி மரை வெட்டப் போகிறவர்களுக்கு அந்தச் செலவு தகும். ஸ்பிண்டில் சுற்றுவதோடு கருவியின் நகர்வைப் பூட்டி ஓட்டுவதில் லினக்ஸ்சிஎன்சி கைதேர்ந்தது, ஊனோ ஜிஆர்பிஎல்லில் அது கிடையாது.

ஐ7 எங்கே தேவை

வரைவதற்கும் ஜி-கோடு தயாரிப்பதற்கும். முப்பரிமாண வடிவத்துக்குக் கருவிப் பாதை கணக்கிடுவதுதான் உண்மையில் ப்ராசஸரைப் பிழியும் வேலை. அதற்கு வீட்டுக்குள் இருக்கும் நல்ல கணினியைப் பயன்படுத்துங்கள். வெளியே வருவது வெறும் எழுத்துக் கோப்பு, பென் டிரைவில் எடுத்துப் போகலாம். பட்டறைக் கணினிக்கு 4 ஜிபி ராமும் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் போதும். ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்எஸ்டி அதிர்வைத் தாங்கும்.

நல்ல கணினியைப் பட்டறையில் வைக்காததற்குத் தூசியும் ஒரு காரணம். எம்டிஎஃப் பலகையின் தூள் ஃபேன் வழியாக உள்ளே போய் ஹீட்சிங்கில் மெத்தை போட்டுவிடும். அலுமினியச் சீவல் போனால் ஷார்ட் ஆகும். ஃபேன் இல்லாத மினி பிசி நல்லது. இல்லையென்றால் வடிகட்டித் துணி போட்ட பெட்டிக்குள் வைத்து, இயந்திரத்திலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

பக்கத்துக் கம்பிகளில் புகுந்து குழப்பும் மின் இரைச்சலைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். ஸ்பிண்டிலை ஓட்டும் விஎஃப்டி பெரிய இரைச்சல்காரன். ஸ்பிண்டிலை முடுக்கியதும் யுஎஸ்பி துண்டித்துப் போனால் கணினியை மாற்றாதீர்கள், முதலில் கம்பிகளைப் பாருங்கள். ஸ்பிண்டிலுக்குப் போகும் கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்க வேண்டும்; விஎஃப்டி, சட்டம், கணினி எல்லாவற்றுக்கும் முறையான எர்த் வேண்டும்; யுஎஸ்பி கேபிள் குட்டையாக, ஃபெரைட் வளையத்தோடு, விஎஃப்டி கம்பியோடு ஒட்டி ஓடாமல் இருக்க வேண்டும். ஈதர்நெட் இணைப்பில் இயல்பாகவே ட்ரான்ஸ்ஃபார்மர் தடுப்பு இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

மின்வெட்டுக்கு யுபிஎஸ் வாங்குபவர்கள் கணினிக்கு மட்டும் போடுவார்கள். மின்சாரம் போனதும் மோட்டார் ட்ரைவர் அணைந்துவிடும், கணினி மட்டும் விழித்திருந்து வரிகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இயந்திரம் நின்றது அதற்குத் தெரியாது. அந்தப் பணத்தில் ஹோமிங் சுவிட்சுகள் போடுங்கள். மின்சாரம் வந்ததும் இயந்திரம் தன் மூலையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும், வேலையை விட்ட வரியிலிருந்து தொடங்கலாம். எமர்ஜென்சி பட்டன் எந்த வழியிலும் மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது. கணினி உறைந்துபோய் இருந்தாலும் அந்தச் சிவப்புப் பட்டன் காண்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்ச் மூலம் மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தை நேராக வெட்ட வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

சரி, எல்லாம் வாங்கி இணைத்தாயிற்று. பலகையை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜைச் சட்டத்தில் காந்தத்தால் நிறுத்தி, ஸ்பிண்டில் தலை அதைத் தொடும் இடத்தில் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தலை அங்கிருந்து விலகி, உங்கள் முழு வேகத்தில் அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் மெதுவாக வந்து மறுபடி முள்ளைத் தொடுகிற மாதிரி ஒரு சின்ன ஜி-கோடு எழுதி ஐம்பது முறை ஓட்டுங்கள். ஸ்பிண்டிலும் சுற்றிக்கொண்டிருக்கட்டும், கணினியில் கோப்பு ஒன்று காப்பி ஆகிக்கொண்டிருக்கட்டும். ஐம்பதாவது முறையும் முள் அதே கோட்டில் வந்து நின்றால் பலகையை ஏற்றலாம். நகர்ந்திருந்தால் வேகத்தையும் முடுக்கத்தையும் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். அப்போது சரியாக வந்தால் மோட்டாரின் சக்தியையும் பல்ஸின் சீரையும் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் மோட்டாரையும் பால் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்கின் ஸ்க்ரூ எங்கோ தளர்ந்திருக்கும், அதை முதலில் முடுக்குங்கள்.